பொணவண்டிக் கச்சேரி

ஆகஸ்டு 2

அதெல்லாம் முடியாது வீராயி. நீ வாசல்ல நின்னு கத்துன கத்துக்கு எதுத்த வீட்டு நாயே எந்திருச்சு உள்ள போயிருச்சு. நான்தான் போகல. "அறுபத்தொம்பது வயசுல எவனாச்சும் பெத்த மக கூத்துக்கு வண்டி ஓட்டப் போவானாடா கெழவா"ன்னு கேட்ட பாரு, கல்யாணமாகி நாப்பது வருசமா சேத்து வச்ச வாங்க போங்க எல்லாம் ஒரு நிமிசத்துல பறந்து போச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதுக்கும் சேத்துத் திட்டுன.

போன் அடிச்சேன், எடுக்கல. மூணு தடவ அடிச்சேன், மூணு தடவயும் கட் பண்ணிட்ட. அதனால இந்த டைரி. வேலையில இருந்து எறங்குன அன்னைக்கு, நான் வண்டி ஓட்டுன டிரஸ்ட்டுல குடுத்தது, ஒரு பக்கமும் எழுதாம கெடந்துச்சு. நான் படிச்சது அஞ்சாப்பு, அதுவும் பாதி. எழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும். இருந்தா என்ன, வாசிக்கப் போறது நான்தான? திரும்பி வந்து ஒன்ன உக்கார வச்சு ஒரு வரி விடாம வாசிப்பேன். நீ கேட்டுத்தான் ஆகணும்.

மொதல்ல நம்ம சின்னவ பேச்சு. நாகஜோதி பாடுறது ராக்கு, கிட்டாரு டிரம்மு வச்சுக் கத்திப் பாடுற பாட்டு. அதுலயும் சாதா ராக்கு இல்ல, பாக்குறவன் பதறணும், அதுக்குன்னே ஆடுறது. மூஞ்சில வெள்ள அடிச்சு, கண்ணச் சுத்திக் கரி பூசி, பொணமா படுத்துருந்து எந்திரிச்சுப் பாடுவா. அவ குரூப்புக்குப் பேரே "பொணவண்டி". கூட ரெண்டு பேரு. டிரம்மு அடிக்கிறவன் ஜெபக்குமாரு, ஆறடி ஒசரம், பொணம்னா பயம். கிட்டாரு அஸ்லாமு, ஒல்லி, எதுக்கும் பயப்பட மாட்டான், கரப்பான்பூச்சி தவிர. இதுவரைக்கும் மத்தவன் கச்சேரிக்கு முன்னாடி அரமணி நேரம் பாடிட்டு எறங்கிருவாக. மாப்ள வர்றதுக்கு முன்னாடி கொட்டுற கொட்டு மாதிரி, எவனும் காதுல வாங்க மாட்டான். இப்பத்தான் மொத தடவ இவுக பேர மேல போட்டு அஞ்சு ஊருல கச்சேரி. இப்ப மாப்ளையே நம்ம புள்ளதான்டி.

அதுக்கு ஒரு நெச பொணவண்டி வேணும்னு, டிரஸ்ட்டுல கழிச்சுப் போட்ட நம்ம வண்டியையே வாங்கிருக்கா. நான் இருவத்தாறு வருசம் ஓட்டுன அதே வண்டி. ஓட்ட டிரைவர் தேடுனா எவனும் உக்கார மாட்டேங்கிறான். நான் உக்காந்தேன். சீட்டு என் குண்டிய மறக்கல.

ஒன் பயம் எனக்குத் தெரியாதா? பெரியவ மாரீஸ்வரியப் பாக்க வந்த ரெண்டு எடமும், நான் பொணவண்டி டிரைவருன்னு தெரிஞ்சதும் காப்பிய வாயில வைக்காம எந்திருச்சுப் போனாக. மூணாவதா திண்டுக்கல் சம்பந்தி வந்தப்ப நீ முந்திக்கிட்டு, "இவரு ஸ்கூல் வேன் ஓட்டுறாரு"ன்ன. நானும் தலைய ஆட்டுனேன். பதினோரு வருசமா ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், கழுத்து வலிக்குது. இப்ப கடசிக் கச்சேரி அதே திண்டுக்கல்ல. சம்பந்தி பாத்துட்டா பெரியவ வாழ்க்கை என்னாகும்னு பதறுற. சரி, வாக்குத் தாரேன். மூஞ்சியக் காட்ட மாட்டேன். போதுமா?

ஆகஸ்டு 3, நாகர்கோவில்

வாக்கக் காப்பாத்திட்டேன். அஸ்லாமு என் மூஞ்சிக்கும் வெள்ள அடிச்சு விட்டுட்டான். கண்ணாடியில பாத்தேன், ஒங்க பெரியப்பா மாதிரியே இருந்துச்சு. அவரு உசுரோட இருந்தப்ப.

ஆட்டம் இப்புடி. கூட்டத்துக்கு நடுவுல பாத விட்டுருப்பாக. அதுல நான் வண்டிய மெதுவா ஓட்டிக்கிட்டு மேடைக்குப் போகணும். பின்கதவத் தொறந்து ஸ்ட்ரெச்சர இழுக்கணும். அதுல நம்ம புள்ள வெள்ளத்துணி சுத்தி, மால போட்டு, நெத்தியில ஒரு ரூவா வச்சு, நாடிய வெள்ளத்துணியால தலையோட சேத்துக் கட்டிப் படுத்துருப்பா. டிரம்மு அடிச்சதும் சடக்குன்னு எந்திரிச்சு, நாடிக்கட்டப் பிச்சு எறிஞ்சுட்டு ஒரு கத்து. அதான் தொடக்கம்.

அந்த நாடிக்கட்டக் கட்டுனது நானு. இங்கதான் தப்பு நடந்துச்சு. இருவத்தாறு வருசத்துல நான் கட்டுன கட்டு ஒண்ணு கூட அவுந்ததில்ல. அவுக்கணும்னு எவரும் கேட்டதும் இல்ல. கை பழக்கத்துல கட்டிட்டேன்டி! புள்ள எந்திரிச்சா, இழுத்தா, வரல. திருப்பி இழுத்தா. "ம்ம்ம்ம்"ங்குறா. ஜெபா என்ன செய்யன்னு தெரியாம அடிச்சுக்கிட்டே இருக்கான். மூணு நிமிசம், நாலு நிமிசம். கூட்டத்துல ஒருத்தன் "ம்ம்ம்"னான். அப்புறம் பத்துப் பேரு. அப்புறம் மொத்தக் கூட்டமும் வாயப் பொத்திக்கிட்டு "ம்ம்ம்"ங்குது.

வேற வழி? மாலைக்கயிறு அறுக்குற சின்னக் கத்தியோட நான் மேடையேறுனேன். குனிஞ்சு முடிச்ச அறுத்தேன். அவ எங்காதுல, "யப்பா, ஒன்ன அப்புறம் வச்சுக்கிறேன்"ன்னா. அப்புறம் வாயத் தொறந்தா பாரு...

"உசுரோட நடந்தா இடிக்கிற ஊரு, பொணமாப் போனா ஒதுங்குது பாரு!"

அவளே எழுதுனது. கூட்டம் வெடிச்சுப் போச்சு. கச்சேரி முடிஞ்சதும் ஒரு தாடிக்காரப் பய வந்து, "நாலு நிமிஷம் வாயக் கட்டி வச்சீங்க பாருங்க, அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்"னு ஜோதி கையப் புடிச்சுக் குலுக்குறான். நான் கத்திய மடியில சொருகுனேன். ஜோதி பெரிய மனுசி மாதிரித் தலைய ஆட்டுனா. ஜெபாதான் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சே செத்தான்.

"யப்பா, இனி எல்லா ஊர்லயும் இதான்"னு சொல்லிட்டா சின்னவ. "நீயே கட்டு, நீயே அறு." நான் இப்ப நடிகரு வீராயி. மரியாதையாப் பேசு.

ஆகஸ்டு 4

துணி தொவச்சேன். காதுக்குள்ள இருந்து வெள்ள இன்னும் வருது. ஒன் போன் சுவிட்ச் ஆப்.

ஆகஸ்டு 6, தூத்துக்குடி போற வழி

இன்னைக்கு ஒண்ணு சொல்றேன், சிரிக்கலன்னா என் பேரு சோணைமுத்து இல்ல.

டோல்கேட்டு. தூரத்துல வண்டியப் பாத்ததுமே கம்பியத் தூக்கிட்டான் அங்க நின்ன பையன். தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டான். நல்ல வளப்பு. நான், "தம்பி, இதுல பொணம் கெடையாது, கச்சேரி வண்டி, ரசீதப் போடு"ன்னேன். அவன் நம்பல. "பாவம், தாத்தாவுக்கு துக்கம் தாங்கல போல"ன்னு பக்கத்துல இருந்தவன்கிட்டச் சொல்றான். சரி, பாத்துக்கன்னு பின்கதவத் தொறந்தேன். உள்ள ஜெபா வெள்ளத்துணியப் போத்தித் தூங்கிட்டு வந்துருக்கான், மூஞ்சில நேத்து ஒத்திகைக்குப் பூசுன சாயம் பாதி கழுவாம. பையன் கும்புடு போட்டான். இவன் எந்திரிச்சு உக்காந்து, "ஊரு வந்துருச்சாப்பா?"ன்னான்.

பய தொப்பியப் போட்டுட்டு ஓடுனவந்தான். ரசீது போட வேற ஆளு வரணும்னு கா மணி நேரம் நின்னோம்.

பொணவண்டின்னா பயம்னு சொன்ன ஜெபா இப்ப அதுலதான் நல்லாத் தூக்கம் வருதுங்குறான். நானும் அதத்தான் ரொம்ப வருசமாச் சொல்லிட்டு இருக்கேன், அதுல படுத்தவன் எவனும் கொற சொன்னதில்ல.

ஆகஸ்டு 9, கோயம்புத்தூரு

ரெண்டாயிரம் பேரு வீராயி. எண்ணிப் பாத்தியான்னு கேக்காத. எல்லாத் தலையும் கறுப்பா தெரிஞ்சுச்சு, என் தலைதான் வெள்ள.

வண்டிய பாதையில விட்டதும் ரெண்டு பக்கமும் ஒதுங்குனாங்க. எல்லா ஊர்லயும் ஒதுங்குவாங்கதான், காலமெல்லாம் பாத்துருக்கேன். மூக்கப் பொத்திக்கிட்டு ஒதுங்குவாக, புள்ளையக் கண்ண மூடச் சொல்லிட்டு ஒதுங்குவாக. டீக்கடையில கிளாஸத் தனியா எடுத்து வைப்பாக. இங்க ஒதுங்குனவன் எல்லாம் கையத் தூக்கி, "சோண! சோண!"ன்னு கத்துறான். யார் சொல்லிக் குடுத்தான்னு பாத்தா, மேடையில நம்ம அஸ்லாமு மைக்குல கத்துறான்.

ஜோதி பாடுனத நீ கேக்கணும்டி. அவ தொண்ட ஒந் தொண்ட. நீ காய்கறிக்காரன விரட்டுவ பாரு, தெருமுக்கு வரைக்கும் கேக்குமே, அதே தொண்ட. அதுக்குத்தான் ரெண்டாயிரம் பேரு டிக்கெட்டு எடுத்து வந்துருக்கான். நான் நாப்பது வருசமா ஓசியிலயே கேட்டுட்டேன்.

முடிச்ச அறுத்துட்டு எறங்குனப்ப ஒரு காலேஜுப் புள்ள வந்து, "தாத்தா, நீங்க நெசமாவே இந்த வண்டிதான் ஓட்டுனீங்களா?"ன்னு கேட்டா. இந்தக் கேள்விய வேற மாதிரித்தான் கேட்டுப் பழக்கம் எனக்கு. ஆமான்னேன். காலத் தொட்டுக் கும்புட்டுட்டா. அவளத் தூக்கி விடுறப்ப என் கையில இருந்த சாயம் அவ சட்டையெல்லாம் ஒட்டிக்கிச்சு. அத அவ தொடைக்கவே இல்ல.

ஆகஸ்டு 11, சேலம்

காலையில பெரியவ போன் பண்ணுனா. அழுகை.

கோயம்புத்தூருல எவனோ என்னப் போட்டோ எடுத்து, பேரு ஊரெல்லாம் போட்டு எல்லாரு போன்லயும் ஓட விட்டுருக்கான். திண்டுக்கல்லுல கச்சேரி வைக்கிறவன் அதப் பாத்துட்டு, நம்மகிட்ட ஒரு வார்த்த கேக்காம, ஆளு ஒசரத்துக்கு என் மூஞ்சியப் போட்டு போஸ்டர் ஒட்டிட்டான். மூஞ்சி வெள்ளதான், யாருக்கும் தெரியாது. கீழ பேரு போட்டுருக்கான்டி. "வண்டி ஓட்டுபவர்: மதுரை செல்லூர் சோணைமுத்து. அமரர் ஊர்தியில் 26 ஆண்டு அனுபவம்."

அது எங்க ஒட்டிருக்குன்னு கேளு. சம்பந்தி பூட்டுக்கடைக்கு நேர் எதுத்த செவத்துல.

"யப்பா, என் மாமனாரு கடையத் தொறந்ததும் அதத்தான் பாப்பாரு"ன்னு அழுகுறா. "நீங்க திண்டுக்கல்லுக்கு வராதீங்கப்பா. பேரு ஒண்ணா இருக்குன்னு நான் சமாளிச்சுக்கிறேன்."

சரிம்மான்னு சொல்லிட்டு வச்சுட்டேன். போஸ்டர்ல அனுபவம்னு போட்டது எனக்குக் கொஞ்சம் பிடிச்சுத்தான் இருந்துச்சு. அத அவகிட்டச் சொல்லல.

கச்சேரி நடந்துச்சு. முடிச்சு ஒரே அறுப்புல வந்துருச்சு. வேற ஒண்ணும் எழுதத் தோணல.

ஆகஸ்டு 12, சேலம்

லாட்ஜுல வண்டிய உள்ள நிப்பாட்டக் கூடாதுன்னுட்டான் மேனேஜரு. தெரு தள்ளி ஒரு புளியமரத்துக்குக் கீழ விட்டு, டயர்ல காத்துப் பாத்துட்டு இருந்தேன். ஜோதி ரெண்டு டீ வாங்கிட்டு வந்தா. டிரைவர் சீட்டுல அவ ஏறி உக்காந்தா, நான் படியில.

"யப்பா, திண்டுக்கல்லுல நீ வேணாம்."

"ஏன், கத்தி மொன்னையா இருக்கா?"

"வெளயாடாத. அக்கா என்கிட்டயும் பேசுனா. வண்டிய வெளியவே விட்டுருவோம். நான் நடந்தே மேடைக்குப் போறேன். பேரு வேற ஆளுன்னு சொல்லிக்கிருவோம்."

நான் டீயக் குடிச்சேன். நல்லா இல்ல. இவதான் கொஞ்ச நேரம் ஸ்டேரிங்கப் புடிச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிட்டு இருந்தா.

"நாலாப்பு படிக்கைல ஒருநா பள்ளிக்கூடத்துக்கு இதுல கூப்ட வந்த. ஞாபகம் இருக்கா?"

"இல்லையே."

இருக்கு வீராயி. மழ பேஞ்சுச்சு, அதான் போனேன்.

"எல்லாப் புள்ளைகளும் கத்துச்சுக. நான் ஒன்கிட்ட, இனிமே வராத, வந்தாலும் ரெண்டு தெரு தள்ளி நில்லுன்னேன். நீ சிரிச்சுக்கிட்டே சரின்ன. அதுக்கப்புறம் எங்களுக்காக நீ எங்கயுமே தள்ளித்தான் நின்ன. இந்தக் குரூப்புக்கு இந்தப் பேரு வச்சதே நான் அன்னைக்கு ஒன்ன அப்புடிச் சொன்னதுக்குத்தாம்ப்பா. இப்ப திருப்பியும் ஒன்னத் தள்ளி நிக்கச் சொல்ல வேண்டியிருக்கு."

அவ அழுதா. வெள்ள அடிக்காத மூஞ்சிதான், இருந்தாலும் அசிங்கமாத்தான் அழுகுறா, ஒன்ன மாதிரி.

"மண்டபத்து வாசல்ல எவளாச்சும் ஒன் செருப்ப மாத்திப் போட்டுட்டுப் போனாளா, இப்புடி மூஞ்சிய வச்சுருக்க"ன்னு கேட்டேன். சிரிக்கல. அதனால நெசத்தச் சொன்னேன். நாலாயிரம் பொணமாச்சும் ஏத்தி எறக்கிருக்கேன். ஒண்ணக்கூட மூஞ்சிய மறச்சுக்கிட்டு ஏத்துனதில்ல. பெத்த மக கச்சேரிக்கு மட்டும் எதுக்கு மறைக்கணும்? திண்டுக்கல்லுக்கு வாரேன். சாயம் பூசாம வாரேன்.

"அம்மா?"ன்னா.

அதத்தான் எழுதிட்டு இருக்கேன்.

வாக்குத் தவறுறேன் வீராயி. ஒன்கிட்டக் குடுத்த வாக்குல நான் தவறுன மொத வாக்கு இது. பீடிய விடுறேன்னு சொன்னத கணக்குல சேக்காத.

ஆகஸ்டு 14, திண்டுக்கல்

கச்சேரி, தோல் பதப்படுத்துற ஷாப்பு இருந்த பழைய மைதானத்துல. வெளுத்த சட்ட, கஞ்சி போட்ட வேட்டி. மாரீஸ்வரி கல்யாணத்துக்கு எடுத்தமே, அதே வேட்டி. சவரம் பண்ணிக்கிட்டேன். ஜெபா என்னப் பாத்துட்டு, "அப்பா, சாயம் இல்லாமத்தாம்ப்பா பயமா இருக்கு"ன்னான்.

வண்டிய பாதையில விட்டேன். ரெண்டு பக்கமும் தலைக. ஒவ்வொரு தலையிலயும் சம்பந்தியத் தேடுனேன். தேடக்கூடாதுன்னு நெனச்சாலும் கண்ணு தேடுது. கதவத் தொறந்தேன், ஸ்ட்ரெச்சர இழுத்தேன். முடிச்சுக்குள்ள இருந்து சின்னவ கண்ணு என்னப் பாத்துச்சு. அது பொணம் பாக்குற பார்வ இல்ல. முடிச்ச அறுத்துட்டு வழக்கமா எறங்கிருவேன். இன்னைக்கு அவ என் கையப் புடிச்சுக்கிட்டா. மைக்குல, "இது எங்கப்பா. இவரு ஓட்டுறது பொணவண்டி. இருவத்தாறு வருஷம்"னா. அம்புட்டுத்தான் சொன்னா. பாட்ட ஆரம்பிச்சுட்டா. நான் அவ பக்கத்துல, விளக்கு வெளிச்சத்துல, மூவாயிரம் பேருக்கு முன்னால, கைய எங்க வைக்கன்னு தெரியாம நின்னேன். பாட்டு முடியுற வரைக்கும் விடல.

எல்லாம் முடிஞ்சு கூட்டம் கலையுது. வண்டிப் பக்கத்துல ஒரு ஆளு. தோள்ல துண்டு. சம்பந்தி குருநாதன்.

எனக்கு வாய் கட்டிப் போச்சு. நான் கட்டுனத விட இறுக்கமா.

"என்ன சம்பந்தி, ஸ்கூல் வேன் நல்லா ஓடுதா?"ன்னாரு.

பொய் சொன்னது தப்புத்தான், பெரியவள ஒண்ணும் சொல்லிராதீகன்னு ஏதோ ஒளறுனேன். அவரு கையக் காட்டி நிப்பாட்டுனாரு.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே ஒங்கள எனக்குத் தெரியும். எங்கய்யா மதுர ஆஸ்பத்திரில செத்தப்ப நீங்கதான் கொண்டாந்தீக. கொடைரோட்டுல மழ. எங்கம்மா பின்னாடி உக்காந்து, வண்டி குலுங்குது, அவருக்கு வலிக்கும்னு அழுதுச்சு. செத்தவருக்கு எப்புடி ஆத்தா வலிக்கும்னு நாங்க அத அதட்டுனோம். நீங்க ஒரு வார்த்த பேசல. அங்க இருந்து வீட்டு வாசல் வரைக்கும் மாட்டுவண்டி மாதிரி ஓட்டிட்டு வந்தீக, ஒரு குலுக்கல் இல்லாம. எங்கம்மா சாகுற வரைக்கும் அதச் சொல்லுச்சு. அந்த டிரைவர் வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சுதான் சம்பந்தி நாங்க சம்மதிச்சோம்."

எனக்கு அந்த மொகமே ஞாபகம் இல்ல. உள்கண்ணாடிய மேல பாத்துத் திருப்பி வச்சுட்டுத்தான் எப்பவும் ஓட்டுவேன். அழுகுறவுகள வேடிக்க பாக்கக் கூடாதுல்ல.

"அப்புறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"ன்னேன்.

"தங்கச்சி ஸ்கூல் வேன்னு சொல்லிருச்சு. ஒரு தாய் காரணம் இல்லாம சொல்லுமா? நீங்களாச் சொல்லுற அன்னைக்குப் பேசிக்கலாம்னு இருந்தோம். போஸ்டரப் பாத்துட்டு எங்க கடை முன்னாடி அத எவனும் கிழிக்காம நான்தான் பாத்துக்கிட்டேன்."

கண்ணு எரிஞ்சுச்சு. பூசாத சாயம் எறங்கிருக்கும்.

ஆகஸ்டு 15, வீடு

வந்தேன். நீ முருங்கக்கீர உருவிட்டு இருந்த. வாங்கன்னு சொல்லல, போன்னும் சொல்லல. செம்புல தண்ணி மட்டும் வச்ச. நான் எதுத்தாப்புல உக்காந்து டைரிய எடுத்து வாசிக்க ஆரம்பிச்சேன்.

நாடிக்கட்டு முடிச்சுக்குச் சீலத் தலப்பால வாயப் பொத்திக்கிட்ட. சிரிக்கலன்னு சத்தியம் பண்ணாத, தோளு குலுங்குச்சு. டோல்கேட்டுக்கு "மூதேவிக"ன்ன. ஒந் தொண்டையப் பத்தி வாசிச்சப்ப கீர உருவுற கை நின்னுச்சு, அப்புறம் வேகமா உருவுச்சு. போஸ்டருக்கு மூஞ்சி கறுத்துச்சு. ரெண்டு தெரு தள்ளி நின்னத வாசிச்சப்ப கீரயத் தள்ளி வச்சுட்ட.

திண்டுக்கல் பக்கத்துக்கு வந்தேன். சவரம் வரைக்கும் வாசிச்சேன்.

"சாயம் பூசாமயா?"

"ஆமா."

"சம்பந்தி வந்தாரா?"

"வந்தாரு. கேளு, அவரு..."

"ஒங்களப் பாத்தாரா?"

"பாத்தாரு. அதத்தான் வாசிக்கப் போறேன், அவரு என்ன..."

எந்திரிச்சுட்ட. கையக் கழுவுன. கண்டாங்கிச் சீலைய மாத்துன. செவுத்துல தொங்குன பைய எடுத்துக்கிட்ட. கண்ணு செவந்துருந்துச்சு, நட நிமுந்துருந்துச்சு.

"நீங்க ஒண்ணும் சமாதானம் சொல்ல வேணாம். பொய் சொன்னவ நானு. என் புருசன் என்ன களவாண்டா பொழச்சாரு? செத்தவுகளச் சுமந்தாரு. அதச் சம்பந்தி வீட்டுக் கூடத்துல நின்னு நானே சொல்லிட்டு வாரேன். இன்னைக்கே சொல்லிட்டு வாரேன்."

"அடியே, இன்னும் ஒரு பக்கம் இருக்கு. மிச்சத்தக் கேட்டுட்டுப் போ."

"மிச்சத்த நான் பேசிக்கிறேன்."

போயிட்ட. நான் வாசப்படிக்கு வந்து டைரியத் தூக்கிக் காட்டுனேன். நீ திரும்பல. ஓடி வந்து தடுக்கலாம்னு ஒரு எட்டு வச்சேன், திருப்பி எடுத்துக்கிட்டேன். ரெண்டு வீட்டு வாசல்ல ஆளு நிக்குது. எங்க போறீகன்னு ஒருத்தி கேக்குறா. "என் வீட்டுக்காரரு பொணவண்டி ஓட்டுனாருல்ல, அதப் பத்திப் பேசப் போறேன்"னு நீ காய்கறிக்காரனுக்குக் கேக்குற சத்தத்துல சொல்லிட்டுப் போற.

அரப்பாளையம் போற பஸ்சு வந்துருச்சு, திண்டுக்கல் பஸ்சு அங்க இருந்துதான். ஏறிட்ட.